அடுப்புக் கணக்கு

பிப்ரவரி. மைனஸ் இருபத்தேழு.
லாப்லாந்துப் பயிற்சித் திடலின் வடகோடியில்
செத்துப்போன டாங்கி ஒன்று நிற்கிறது.
அதற்கு உயிர் கொடுப்பது என் வேலை.
சம்பளச் சீட்டில் வேறு பெயர்: இலக்குப் பராமரிப்பு.

ஏவுகணைக்குக் கண் உண்டு.
வண்ணம் தெரியாது, வடிவம் பாதி தெரியும்,
சூடு நன்றாகவே தெரியும்.
பனியும் இரும்பும் ஒரே குளிரில் கிடந்தால்
அதற்கு எல்லாம் ஒரே சாம்பல்.
அதனால் ஆண்டுக்கொரு விறகடுப்பு வாங்குகிறேன்,
கெமியார்வியின் பழஞ்சாமான் சந்தையில்,
நாற்பது யூரோவைத் தாண்டாமல் பேரம் பேசி.
"கோடைக்கால வீட்டுக்கா?" என்பாள் கடைக்காரி வியெனோ.
ஆமாம் என்பேன்.
அவள் கணக்கில் எனக்குப் பதினேழு கோடை வீடுகள்.

டாங்கியின் வயிற்றில் அடுப்பை இறக்கி
பிர்ச் மரப்பட்டையில் தீ வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவேன்.
கையுறை கழற்றலாம்.
திடலிலேயே கதகதப்பான இடம் அதுதான்,
சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த முறை சுடப்போவது ஓன்னி.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு அதிர்ஷ்டம் என்று பொருள்.
எண்பது பேர் ஐந்து மாதம் திரையில் சுட்டுப் பழகி
எண்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நிஜம்.
விலை? ரொவானியெமியில் ஒரு வீடு, தோட்டத்தோடு.

லெப்டினன்ட் தூமிகோஸ்கி கடைசியாக ஒருமுறை சொல்கிறாள்:
சூட்டைப் பார்க்க அதன் கண் முதலில் குளிர வேண்டும்.
குழாயைவிட்டு மெல்லத்தான் கிளம்பும், ஒரு தும்மல் மாதிரி.
உன் முகம் பொசுங்காத தூரம் போன பிறகே
பெரிய நெருப்பு மூளும்.
பிறகு ஏறும். பிறகு கவிழும்.
டாங்கிக்கு நெற்றியில் இரும்பு தடிமன், உச்சந்தலையில் மெல்லிசு.
மூக்கில் சின்ன வெடி, அதன் பின்னால் பெரிய வெடி:
ஒன்று கதவைத் தட்டும்,
திறந்தது யார் என்று மற்றது பார்க்காது.
ஏவியபின் நீ மறந்துவிடலாம். அது மறக்காது.

ஓன்னி கை தூக்கினான்.
"எதுவும் தெரியவில்லை."
பார்த்தார்கள். சாம்பல். சாம்பலுக்கு மேல் சாம்பல்.
"ஹெய்மோ! உன் அடுப்பு அணைந்துவிட்டது!"

ஏவுகணையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச்
சாவியை என்னிடமே தந்தார்கள். அதுதான் விதி.
பார்வைக் கருவி மட்டும் ஓன்னி கையில்.
இரண்டு கிலோமீட்டர், பனிச்சறுக்குப் பலகையில்.
ஈர விறகு. என் தப்புதான்.
மண்டியிட்டு ஊதினேன், பிடிக்கும்வரை ஊதினேன்.
கஞ்சி ஆற்றுகிற அதே மூச்சுதான்
தீ மூட்டவும்.

சுட்டான். பட்டது.
அதில் சொல்ல என்ன இருக்கிறது?
ஓசை மட்டும் ஆறு விநாடி தாமதமாக வந்தது.
எல்லாரும் கைதட்டினார்கள், ஓன்னி தட்டவில்லை.

மாலையில் பதிவைப் போட்டுக் காட்டினார்கள்.
சுடுவதற்கு முந்தைய பகுதியை யாரும் வெட்டவில்லை.
சாம்பல் வெளியில் ஒரு வெள்ளைப் புள்ளி
டாங்கியைவிட்டுச் சறுக்கி வருகிறது. நான்.
எனக்குப் பின்னால் டாங்கி மெதுவாக வெளுக்கிறது.
சதுரக் கட்டம் அதன்மேல் இல்லை,
என்மேல்.
குன்று மறைக்கும்வரை கூடவே வந்தது.

"பயிற்சிக்காக" என்றான் ஓன்னி, தரையைப் பார்த்து.
"அங்கே அசைந்தது நீங்கள் ஒருவர்தான்."
சரி என்றேன்.
அவனுக்கும் காப்பி ஊற்றினேன்.
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்,
குடிக்கவில்லை.

மறுநாள் கணக்குப் பிரிவிலிருந்து படிவம் வந்தது.
ஏவுகணை ஒன்று: கேள்வியே இல்லை, முத்திரை விழுந்தாயிற்று.
அடுப்பு ஒன்று, பழையது, முப்பத்தெட்டு யூரோ:
வாங்கிய காரணம் குறிப்பிடுக.

கோடைக்கால வீடு என்று எழுதி
அடித்துவிட்டு
குளிர் என்று எழுதினேன்.